28 நிமிட ரயில் இருந்தும் காரில்தான் போகிறோம்

சித்தி திருச்சிக்குக் கிளம்பிய அன்று கோலாலம்பூர் செந்தூல் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நின்றன. கயிறு கட்டிய அட்டைப் பெட்டி ஒன்று, அதற்குள் மைலோ டின்கள். சக்கரம் வைத்த பெரிய பெட்டிகள் இரண்டு. ஒவ்வொன்றையும் குளியலறை எடைக் கருவியில் மூன்று தடவை நிறுத்துப் பார்த்து, அரை கிலோ கூடிப்போனதால் ஒரு டின்னை வெளியே எடுத்தாகிவிட்டது. பயணம் போவது ஒருவர். வழியனுப்பப் போவது ஏழு பேர். நெடுஞ்சாலை ஏறி ஒரு மணி நேரத்தில் கேஎல்ஐஏ எனும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் இறங்கினோம். எங்களுக்கு முன்னும் பின்னும் வந்து நின்ற கார்களிலும் இதே காட்சிதான்: ஒரு பயணி, நான்கைந்து உறவினர்கள், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ஒரு பாட்டி.

அந்த முனையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் மின்சார ரயில், நகரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து முதலாம் முனையத்துக்கு 28 நிமிடத்தில் வந்துவிடுகிறது. எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் அதில் போகலாம் என்ற எண்ணமே வரவில்லை. அதை நம் சோம்பல் என்று சொல்லிவிட முடியுமா? கணக்குப் போட்டுப் பார்த்தால் தவறு வேறு இடத்தில் இருப்பது தெரியும்.

கோலாலம்பூரின் பழைய விமான நிலையமான சுபாங் நகரத்தை ஒட்டியே இருந்தது. 1998 ஜூனில் சிப்பாங்கில் கேஎல்ஐஏ திறந்தபோது விமான நிலையம் ஒரேயடியாகத் தெற்கே போய்விட்டது. ரயில் பாதையில் அளந்தால் கேஎல் சென்ட்ரலிலிருந்து 57 கிலோமீட்டர். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். கிஷோ குரோக்காவா என்ற ஜப்பானியக் கட்டடக் கலைஞர் காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு என்ற எண்ணத்தில் அதை வடிவமைத்தார். நகரத்தோடு இணைக்கும் ரயில் வர மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. 2002 ஏப்ரல் 14 அன்று கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. அதே தண்டவாளத்தில் பண்டார் தாசேக் செலாத்தான், புத்ராஜெயா, சாலாக் திங்கி ஆகிய இடங்களில் நின்று போகும் கேஎல்ஐஏ டிரான்சிட் அந்த ஜூனில் வந்தது.

சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்துக்கு எம்ஆர்டி வந்ததும் அதே 2002இல்தான், பிப்ரவரியில். இரண்டு மாத இடைவெளியில் இரண்டு நகரங்கள், ஆளுக்கொரு வழி. சிங்கப்பூர் தன் சாதாரண நகர ரயிலை விமான நிலையம் வரை நீட்டியது. தானா மேராவில் மாறி ஏற வேண்டும், வேகமும் பெரிதாக இல்லை. ஆனால் வேலைக்குப் போகிறவர் கொடுக்கும் அதே கட்டணம்தான் விமானம் ஏறப் போகிறவருக்கும். கோலாலம்பூரோ விமானப் பயணிக்கென்று தனி ரயில் ஒன்றைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. போட்ட முதலைப் பயணச்சீட்டிலிருந்து மீட்க வேண்டிய கட்டாயம் அப்போதே வந்துவிட்டது. தூரத்தையும் சொல்லத்தான் வேண்டும். சாங்கி விமான நிலையம் நகரத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர், நமக்கு அதைப்போல மூன்று மடங்கு.

தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் கட்டணம் 35 வெள்ளி (ரிங்கிட்). 2016 ஜனவரி முதல் 55 வெள்ளி. தனியாகக் கைப்பெட்டியோடு வந்து, கம்பெனிக் கணக்கில் சீட்டு வாங்கும் ஒருவருக்கு இது பெரிய தொகை இல்லை. இந்த ரயில் அவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பது என் எண்ணம். கேஎல் சென்ட்ரலிலேயே சில விமான நிறுவனங்களின் பயணிகள் பெட்டியை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு ரயில் ஏறலாம் என்ற அருமையான ஏற்பாடும் அவரைப் போன்றவர்களுக்காக வந்ததுதான்.

இப்போது ஒரு குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். பெரியவர்கள் நான்கு பேர் ரயிலில் போனால் ஒரு வழிக்கு 220 வெள்ளி. கூட்டமாகப் போனால் சலுகை உண்டு, சிறுவர்களுக்குக் குறைவு, சரி. காரில் போனால்? ஒரு வழிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போய்வர 120. நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் குடிக்கும் சாதாரணக் காருக்கு எட்டரை லிட்டர் பெட்ரோல் வேண்டும். குடிமக்களுக்கான மானிய விலை 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு. ஆக 17 வெள்ளி. டோல், பார்க்கிங் எல்லாவற்றையும் சேர்த்தாலும், நான்கு பேர் ஒரு வழிக்கு ரயிலில் போகும் செலவில் பாதிகூட வராது. ஒருபக்கம் பெட்ரோலுக்கு அரசு மானியம், இன்னொரு பக்கம் மின்சார ரயிலில் முழு விலை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத் தலைவர் எடுக்கும் முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சுற்றுச்சூழல் கணக்கு வேறு மாதிரி போகிறது. ஒருவரை வழியனுப்பிவிட்டு வெறும் காரோடு வீடு திரும்புகிறோம். அவர் ஊரிலிருந்து வரும்போது மறுபடி வெறும் காரோடு போய் அழைத்து வருகிறோம். ஒரு பயணத்துக்கு நான்கு ஓட்டம், மொத்தம் 240 கிலோமீட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். அப்படியானால் ஒரு கார் 40 கிலோவை ஒட்டிப் புகையாகக் கக்குகிறது. சித்தி விமானத்தில் கொண்டுபோன பெட்டிகளின் எடையைவிட அது அதிகம். எங்கள் வீட்டிலிருந்து போனது இரண்டு கார்கள். காரை விமான நிலையத்திலேயே நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறவர் இதில் பாதியைத்தான் எரிக்கிறார். கிரேப் வாடகைக் காரில் போனாலும் பெரிய மிச்சம் இல்லை. இறக்கிவிட்ட ஓட்டுநருக்கு உடனே திரும்பு சவாரி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அந்த 60 கிலோமீட்டரும் வெற்று ஓட்டம்தான்.

பேருந்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நூறு கிலோமீட்டருக்கு 35 லிட்டர் டீசல் எரிக்கும் பெரிய பேருந்து, முப்பது பேரை ஏற்றிக்கொண்டு கேஎல்ஐஏவுக்குப் போனால் ஆளுக்கு முக்கால் லிட்டருக்கும் குறைவு. தனி ஆளாகக் காரில் இறக்கிவிடப்படும் பயணிக்கு, கார் போய்த் திரும்ப, எட்டரை லிட்டர். பேட்டரிப் பேருந்து, ஹைட்ரஜன் என்றெல்லாம் பேசுவதற்கு முன்பே, ஒரு பழைய டீசல் பேருந்தில் ஏறுவதாலேயே பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறோம். ரயிலைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வருகிறது. ஆகவே மின்சார ரயில் என்றதும் புகையே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் அந்த ரயில் நான் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடத்தான் போகிறது. காலியான இருக்கையில் நான் உட்கார்ந்தால் கூடுதலாக ஆகும் மின்சாரம் மிகச் சொற்பம்.

விமான நிலையங்கள் தங்கள் பசுமைக் கணக்கை எப்படிப் போடுகின்றன என்பது இங்கே முக்கியம். கட்டடத்தின் விளக்கு, குளிர்சாதனம், சொந்த வாகனங்கள் ஆகியவை விமான நிலையத்தின் நேரடிப் பொறுப்பில் வருகின்றன. பயணிகளும் ஊழியர்களும் வந்துபோகும் சாலைப் புகை மூன்றாம் வகைக்குப் போய்விடுகிறது, அதாவது மற்றவர்கள் வெளியிடுவது என்ற கணக்கில். உலக விமான நிலையங்களுக்கான கார்பன் தரச்சான்றில் மேல்படிகளுக்கு ஏறும்போதுதான் இந்த மூன்றாம் வகையையும் அளந்து காட்ட வேண்டும். 2014 வாக்கில் கேஎல்ஐஏவில் 19 மெகாவாட் சூரியசக்தித் தகடுகள் பொருத்தினார்கள். அதில் ஒரு பகுதி கார் நிறுத்துமிடத்துக்கே கூரையாக நிற்கிறது. நல்ல காரியம், வெயிலில் காரும் சூடாகாது. அந்தக் கூரையின் கீழ் நிற்கும் கார்கள் ஓடிவந்த தூரம்தான் எந்தப் பலகையிலும் எழுதப்படாமல் இருக்கிறது.

நம் மக்களிடம் பேருந்துப் பழக்கம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2006 முதல் 2014 வரை மலிவுக் கட்டண விமானங்கள் எல்சிசிடி என்ற தனி முனையத்திலிருந்து பறந்தன. முதன்மை முனையத்திலிருந்து சாலை வழி 20 கிலோமீட்டர். அங்கே ரயிலே கிடையாது. திருச்சிக்கும் சென்னைக்கும் மலிவு விமானத்தில் போன நம்மவர்கள் கேஎல் சென்ட்ரலின் கீழ்த்தளத்தில் பேருந்து ஏறித்தான் போனார்கள். அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை. 2014 மே மாதம் இரண்டாம் முனையம் திறந்து, ரயில் பாதையும் இரண்டு கிலோமீட்டர் நீண்டு வந்துசேர்ந்த பிறகும், கீழே பேருந்துக்கு வரிசை நிற்கிறது. ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குள் முடிந்துவிடும், சாலை நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். கட்டணம் கையைக் கடிக்காவிட்டால் மக்கள் பொதுப் போக்குவரத்தில் ஏறுகிறார்கள் என்பதற்கு அந்த வரிசையே சாட்சி.

டில்லியிலும் இதைப் பார்த்தார்கள். அங்கே விமான நிலைய விரைவு ரயிலைத் தனியார் நடத்தி, காலியாக ஓடியது. 2013இல் டில்லி மெட்ரோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்னர் கட்டணத்தை ஏறக்குறைய பாதிவரை குறைத்தது. பயணிகள் கூட்டம் ஏறியது. தண்டவாளம் மாறவில்லை, ரயில் மாறவில்லை, சீட்டில் அச்சடித்த எண் மட்டும் மாறியது.

தூரம் என்ற சாக்கையும் அப்படியே விட்டுவிட வேண்டாம். தோக்கியோ நகரத்திலிருந்து நரித்தா விமான நிலையமும் அறுபது கிலோமீட்டர் சுமார்தான். அங்கே ஸ்கைலைனர் என்ற ரயில் நம்முடையதைப் போலவே 160 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, கட்டணமும் கூடுதல். ஆனால் அதே நிறுவனம் வழியில் நின்று நின்று போகும் சாதாரண ரயிலையும் விமான நிலையத்துக்கு ஓட்டுகிறது, பாதிக்கும் குறைவான விலையில். அவசரக்காரருக்கு ஒன்று, சிக்கனக்காரருக்கு ஒன்று.

நம்மிடமும் அந்த இரண்டாவது ரயில் இருக்கிறது. டிரான்சிட் மூன்று இடங்களில் நின்று, எக்ஸ்பிரஸைவிட ஏழெட்டு நிமிடம் கூடுதலாக எடுத்து விமான நிலையம் சேர்கிறது. ஆனால் கேஎல் சென்ட்ரலில் ஏறி கேஎல்ஐஏவில் இறங்கினால் அதற்கும் அதே 55 வெள்ளி. மெதுவான ரயிலுக்கு வேகமான ரயிலின் விலை. என்னைக் கேட்டால், முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுதான். எக்ஸ்பிரஸ் 55 வெள்ளியிலேயே இருக்கட்டும், கம்பெனிக்காரர் ஏறிப் போகட்டும். டிரான்சிட்டைப் பேருந்து விலைக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து நிறுத்தினால் போதும். நடத்தும் நிறுவனம் அரசோடு ஒப்பந்தம் போட்ட தனியார் நிறுவனம், வருமானம் குறைந்தால் யார் ஈடுகட்டுவது என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. பெட்ரோலுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியை இந்தப் பக்கம் திருப்புவதைப் பற்றியாவது பேசத் தொடங்கலாம்.

இதற்கிடையில், பலருக்குத் தெரியாத மலிவு வழி ஒன்று திறந்திருக்கிறது. எம்ஆர்டி புத்ராஜெயா தடம் 2023 மார்ச்சில் முழுமையாக ஓடத் தொடங்கியது. குவாசா டாமன்சாராவிலிருந்து புத்ராஜெயா சென்ட்ரல் வரை 57.7 கிலோமீட்டர். செந்தூல் பாராட், கூச்சாய், செர்டாங் என்று நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் பகுதிகளைத் தொட்டுக்கொண்டு போகிறது. புத்ராஜெயா சென்ட்ரலில் இறங்கினால் டிரான்சிட் நிலையமும் அங்கேயே. மாறி ஏறினால் கால் மணி நேரத்தை ஒட்டி கேஎல்ஐஏ. இரண்டு சீட்டும் சேர்த்து 20 வெள்ளிக்குள் முடிகிறது.

போன மாதம் நான் இதைச் செய்து பார்த்தேன், ஒரு பெரிய பெட்டியோடு. செந்தூல் பாராட்டில் ஏறி உட்கார்ந்தால், ஒரு மணி நேரத்தை ஒட்டிய பயணம். முதலில் பூமிக்கடியில், பிறகு மேம்பாலத்தில், செர்டாங் தாண்டியதும் ஜன்னலில் பச்சை வந்துவிடுகிறது. புத்ராஜெயா சென்ட்ரலில் மின்தூக்கி தேடி, ஒரு வாயிலில் அட்டையைத் தட்டி வெளியே வந்து, பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்து, இன்னொரு வாயிலில் மறுபடி தட்டி உள்ளே போக வேண்டும். டிரான்சிட் அப்போதுதான் கிளம்பியிருந்தது, அடுத்ததற்கு அரை மணி நேரம் மேடையில் உட்கார்ந்தேன். எம்ஆர்டி வரும் நேரத்தைப் பார்த்து டிரான்சிட் கிளம்பினால், இந்த வழி காரோடு போட்டி போடும். மாதம் 50 வெள்ளியில் எம்ஆர்டி, எல்ஆர்டி, பேருந்து எல்லாவற்றிலும் ஏறலாம் என்ற மை50 அட்டையும் எம்ஆர்டி வாயிலோடு நின்றுவிடுகிறது, அந்தப் பக்கம் செல்லாது.

நான் கடந்துபோன அந்தப் புத்ராஜெயா மண்ணில் ஒரு காலத்தில் பிராங் பெசார், காலோவே, மேடிங்லி, செட்ஜ்லி என்ற நான்கு தோட்டங்கள் இருந்தன. தொண்ணூறுகளில் நகரம் எழுந்தபோது அங்கே பால் மரம் சீவிய தமிழ்க் குடும்பங்களை டிங்கில் பக்கம் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். டிங்கில், சாலாக் திங்கி, சுங்கை பீலேக், நீலாய் ஆகிய இடங்களில் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் இன்று விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறார்கள், தரை துடைக்கிறார்கள், பாதுகாப்பில் நிற்கிறார்கள், விமான உணவு கட்டுகிறார்கள். விமான நிலையப் போக்குவரத்து என்றதும் எல்லாரும் பயணியைப் பற்றியே பேசுகிறார்கள். பயணி ஆண்டுக்கு இரண்டு தடவை போகிறார். ஊழியர் வாரத்துக்கு ஆறு நாள் போகிறார். புகைக் கணக்கானாலும் பணக் கணக்கானாலும் அவர் போய்வரும் வழிதான் பெரியது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி பெட்டி ஏற்றும் வேலையில் இருக்கிறான். காலை ஷிஃப்ட் ஐந்து மணிக்கு. அவன் குடியிருக்கும் தாமானிலிருந்து சாலாக் திங்கி நிலையம் ஏழு கிலோமீட்டர், அந்த நேரத்தில் பேருந்து கிடையாது. ரயிலும் ஏறக்குறைய அந்த ஐந்து மணிக்குத்தான் ஓடவே தொடங்குகிறது. ஆகவே நாலேகாலுக்கு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்புகிறான். மழைக்கோட்டை இருக்கைக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறான். லாரிகளோடு லாரியாக இருட்டில் போகிற அந்தப் பிள்ளைக்காக, அவன் அம்மா ஐந்து மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்த பிறகுதான் மறுபடி படுக்கிறார். அடிக்கடி ரயிலில் போவோருக்குச் சலுகைச் சீட்டு இருக்கிறது. ஆனால் ரயில் இல்லாத நேரத்தில் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்குப் புது ரயில் பாதை தேவையில்லை. சிலாங்கூரில் ஊராட்சி மன்றங்கள் ஓட்டும் ஸ்மார்ட் சிலாங்கூர் இலவசப் பேருந்துகள் இருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் செயலி வழியாக அழைக்கும் ரேபிட் ஆன்-டிமாண்ட் வேன்கள் வந்துவிட்டன. ஷிஃப்ட் மாறும் நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, டிங்கிலிலிருந்தும் நீலாயிலிருந்தும் விடியற்காலை மூன்றரைக்கும் நாலரைக்கும் நாலைந்து வேன்கள் கிளம்பினால் எத்தனை மோட்டார் சைக்கிள்கள் வீட்டிலேயே நிற்கும்! விமான நிலையத்தில் ஆள் வைத்திருக்கும் நிறுவனங்கள் சேர்ந்து செலவைப் பங்குபோட்டால் ஆளுக்குச் சில வெள்ளிதான் வரும்.

நேரமும் அளவும் பிடிபடாமல் ரயிலை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதைச் சுபாங்கில் பார்த்துவிட்டோம். 2018 மே மாதம் கேஎல் சென்ட்ரலிலிருந்து சுபாங் விமான நிலையத்தின் ஸ்கைபார்க் முனையத்துக்குக் கேடிஎம் ரயில் விட்டார்கள். மணிக்கு ஒன்று என்ற அளவில்தான் ஓடியது. விமானப் பயணி ஒரு மணி நேரம் காத்திருக்க மாட்டார், கிரேப் அழைப்பார். ஆள் சேராமல் 2023 பிப்ரவரியில் சேவை நின்றது. பாதையும் நிலையமும் போட்டது போட்டபடி நிற்கின்றன.

இரவு இன்னொரு தலைவலி. மலிவு விமானங்கள் நள்ளிரவுக்கு மேல் இறங்குவது சகஜம். எம்ஆர்டியும் எல்ஆர்டியும் நள்ளிரவோடு ஓய்கின்றன. டிரான்சிட்டும் எக்ஸ்பிரஸும் அதற்குச் சற்றுப் பிறகு. இரவு ஒன்றரைக்கு வெளியே வரும் ஒருவர் கேஎல் சென்ட்ரலுக்குப் பேருந்தில் வந்துவிட்டாலும், அங்கிருந்து வீட்டுக்குப் போக அந்த நேரத்தில் ஒரு வழியும் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் திறந்திருக்கும் ஏதாவதொரு சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு முதல் ரயிலுக்காக உட்கார்ந்திருக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், காலடியில் பெட்டி. இரவு நேரப் பேருந்துகள் கேஎல் சென்ட்ரலோடு முடியாமல் செந்தூல், கிள்ளான், காஜாங், பூச்சோங் என்று நாலு பக்கமும் போனால், ஒரு மணிக்கு ஒன்று என்றாலும் போதும், அந்த உறவினர் காருக்கு வேலை இருக்காது.

சித்தி அடுத்த மாதம் 14ஆம் தேதி திரும்பி வருகிறார். விமானம் இரவு 10.10க்கு இறங்குகிறது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக இதே பேச்சுத்தான். 10.50க்குள் குடிநுழைவு முடிந்து, 11 மணிக்குப் பெட்டி கைக்கு வந்து, அடுத்த டிரான்சிட்டைப் பிடித்துவிட்டால், புத்ராஜெயாவில் செந்தூலுக்குப் போகும் கடைசி எம்ஆர்டி கிடைத்துவிடும் என்று தங்கை சொல்கிறாள். நானும் அவளும் முனையத்துக்கு ரயிலிலேயே போய் அழைத்து வருவதாக முடிவு. அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டி பத்து நிமிடம் தாமதமானால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார். அன்று மாலையே காருக்கு எண்ணெய் ஊற்றி வைத்துவிடுவாராம்.